காலி டப்பாவைப் பிடித்திருந்த கை

மாஸ்டர் பதில்கள்

போன இதழில் முழங்கால் வலி பற்றிய ஒரு பதிலின் நடுவே, 'நானும் ஒரு காலத்தில் பவுடர் டப்பாவில் படமாக இருந்தவன்தான்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். முழங்காலைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவர்கூடக் கேட்கவில்லை. வந்த கடிதம் எல்லாம் டப்பாவைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழ் முழுக்க டப்பா. ஊர், பேர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடையதையும் போடவில்லை.

கே: அது என்ன பவுடர்? அதைக் குடித்துத்தான் அந்த உடம்பு வந்ததா? கதையை முழுசாகச் சொல்லுங்கள் மாஸ்டர். (11 பேர் கேட்டது)

ப: கம்பெனிப் பெயர் வேண்டாம். சரக்கு, 'மாஸ் கெயினர்', அதாவது எடை ஏற்றுகிற பவுடர். நான் மேடைப் போட்டி முடித்த மறுநாள் காலை படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அந்த 'மறுநாள்' முக்கியம். 12 வாரம் வாயைக் கட்டி, கடைசி நாள் தண்ணீரையும் நிறுத்தி, உதடு வெடித்து, மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிற நிலையில் இருக்கிற உடம்புதான் படத்தில் பயில்வானாகத் தெரியும். தோலுக்கும் தசைக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. அன்றைக்கு என்னை ஒரு சின்னப் பையன் தள்ளியிருந்தால் விழுந்திருப்பேன்.

மூன்று விளக்கு. ஒன்று உச்சந்தலைக்கு மேலே, இரண்டு பக்கவாட்டில். நேர் எதிரே விளக்கு கிடையாது. எதிர் வெளிச்சம் பட்டால் தசைக்கும் தசைக்கும் நடுவிலுள்ள பள்ளம் அழிந்துவிடும், கட்ஸ் தெரியாது. எண்ணெய் தடவினார்கள். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ரப்பர் பட்டையை 20 தடவை இழுத்துப் பம்ப் ஏற்றச் சொன்னார்கள், தசையில் ரத்தம் ஏறிப் புடைக்கட்டும் என்று. பிறகு கையில் டப்பாவைக் கொடுத்தார்கள். வாங்கும்போதே தெரிந்தது, காலி. மூன்று கிலோ டப்பாவை அரைமணி நேரம் நீட்டிப் பிடித்தால் கை நடுங்கும், படம் கெட்டுவிடும் என்றார்கள். "மாஸ்டர், டப்பா இன்னும் கொஞ்சம் மேலே, இடது மார்புக்கு நேரா" என்று படம் எடுத்தவர் இரண்டு மூன்று தரம் சொன்னார். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

'முன்', 'பின்' என்று இரண்டு படம் போடுவார்களே, அதில் 'முன்' படத்தை ஆறு வாரம் கழித்து எடுத்தார்கள். போட்டி முடித்தவன் ஆறு வாரம் கண்டதையும் தின்றால் எப்படி இருப்பான்? அப்படி இருந்தேன். இந்தத் தடவை விளக்கு நேர் எதிரே. எண்ணெய் இல்லை. தோளைத் தொங்கவிடு, வயிற்றை எக்காதே, சிரிக்காதே. லேபிள் அச்சாகி வந்தபோது, பிந்தி எடுத்தது 'முன்', முந்தி எடுத்தது 'பின்'. நடுவில் ஓர் அம்புக்குறி, மேலே '6 வாரம்'. அந்த லேபிளில் ஆறு வாரம் என்பது மட்டும் நிஜம்.

பவுடரைப் பிறகு குடித்தேன். கூலிக்குப் பதிலாக இரண்டு பெட்டி கொடுத்திருந்தார்கள். பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்தை உடைத்துச் செய்த தூள். அதன் மேல் கொஞ்சம் பால் புரதம். எடை ஏறத்தான் ஏறியது. எங்கே ஏறியது என்று என் பெல்ட்டைக் கேட்டால் சொல்லும்.

கே: என் மகனுக்கு 17 வயது. 'டெஸ்ட் பூஸ்டர்' என்று ஒரு டப்பா வாங்கி மேசையில் வைத்திருக்கிறான். உறுமுகிற ஓநாய் படம், 'ஆண்களுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்து. கேட்டால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஹார்மோன் கம்மிப்பா" என்கிறான். என்ன செய்ய? (ஒரு தந்தை)

ப: ஐயா, 17 வயதில் உடம்பு தானாகவே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊற்றாகச் சுரந்துகொண்டிருக்கும். கடலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அலையைப் பெரிதாக்கப் பார்க்கிறான் உங்கள் பிள்ளை.

டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'டிரிபுலஸ்' என்று இருக்கிறதா? பெயர்தான் வெளிநாட்டுப் பெயர். காலில் குத்துமே நெருஞ்சில், அதேதான். பல்கேரியப் பளுதூக்கும் வீரர்கள் சாப்பிட்டார்கள் என்ற பேச்சில் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் காலத்துப் பல்கேரிய அணி ஊக்கமருந்தில் எத்தனை தரம் மாட்டியது என்பதை மட்டும் விளம்பரத்தில் விட்டுவிட்டார்கள். 2007-ல் ரக்பி வீரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் தசையிலும் பலத்திலும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஒன்றும் கூடவில்லை.

அடுத்து 'டி-அஸ்பார்டிக் அமிலம்' இருக்கும். 2009-ல் ஓர் ஆய்வில் 12 நாளில் ஹார்மோன் ஏறியது. விளம்பரம் அங்கேயே நின்றுவிட்டது, ஆய்வுகள் நிற்கவில்லை. எடை தூக்கிப் பழகியவர்களுக்கு 28 நாள் கொடுத்துப் பார்த்தார்கள், மாற்றமில்லை. 2015-ல் தினம் 6 கிராமாகக் கூட்டிக் கொடுத்தார்கள். ஹார்மோன் இறங்கியது! 'பூஸ்டர்' என்ற பெயரை மாற்றினார்களா என்றால், இல்லை.

'இசட்.எம்.ஏ.' என்று இருந்தால் எனக்குச் சிரிப்பு வரும். துத்தநாகம், மக்னீசியம், வைட்டமின் பி6, அவ்வளவுதான். இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் விக்டர் கோண்டே. பெரிய பெரிய விளையாட்டு வீரர்கள் எல்லாம் இதைச் சாப்பிடுவதாகப் படம் போட்டு விற்றார். 2003-ல் அவருடைய 'பால்கோ' கம்பெனி மேல் வழக்கு வெடித்தபோதுதான் தெரிந்தது, அவர் அந்த வீரர்களுக்குப் பின்வாசல் வழியாகக் கொடுத்தது சோதனையில் சிக்காத ஸ்டீராய்டு, அதாவது தசையேற்றுகிற ஹார்மோன் மருந்து என்று. 2005-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு மாதம் சிறை போனார். முன்வாசலில் துத்தநாகம், பின்வாசலில் ஸ்டீராய்டு. எனக்குத் தெரிந்த வரை இந்த வியாபாரத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்குகிற கதை இல்லை.

உங்கள் மகனுக்கு ஹார்மோன் குறைந்துவிட்டது என்று சொன்னது யார்? டாக்டரா? அந்தக் குறை உண்மையிலேயே இருக்கிறதா என்பதைக் காலையில் எடுக்கிற ரத்தப் பரிசோதனை சொல்லும். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பார்கள். ஓநாய் சொல்லாது.

இந்த வெட்கம் புதிதில்லை. 1920-களின் கடைசியிலேயே சார்லஸ் அட்லஸ் என்பவரின் படக்கதை விளம்பரம் வந்துவிட்டது. கடற்கரையில் ஒல்லிப் பையன் மேல் ஒரு தடியன் மணலை உதைப்பான், கூட இருக்கிற பெண் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பையன் தபாலில் பாடம் வரவழைத்து உடம்பேற்றி வந்து தடியனைக் குத்துவான். அட்லஸ் பவுடர் விற்கவில்லை, பயிற்சிப் பாடம்தான் விற்றார். பின்னால் வந்தவர்கள் பாடத்தை எடுத்துவிட்டு டப்பாவை வைத்தார்கள். மணல் அதே மணல்தான். முதலில் 'நீ ஆம்பளையா?' என்று கேட்டுப் புண்ணாக்குவது, பிறகு களிம்பை நீட்டுவது.

விளையாட்டுப் பொம்மைகூட இதற்குத் தப்பவில்லை. ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1999-ல் ஒரு வேலை செய்தார்கள். 'ஜி.ஐ. ஜோ' போர்வீரன் பொம்மையை அளந்து, நிஜ மனித உயரத்துக்குக் கணக்கிட்டார்கள். 1964-ல் வந்த பொம்மைக்கு பைசெப்ஸ் 12.2 அங்குலம். 1990-களின் கடைசியில் வந்த ஒன்றுக்கு 26.8 அங்குலம். அப்படி ஒரு கையை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை, ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களிடம்கூட. அதைக் கையில் வைத்து விளையாடிய பிள்ளை கண்ணாடியைப் பார்த்தால் தன் கையைக் குச்சி என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பான்?

டப்பாவைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த டப்பா கட்டிலுக்கு அடியில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பின்பக்க எழுத்தைச் சேர்ந்து படியுங்கள். நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. டப்பா வேலை செய்யவில்லை என்று அவனுக்கே ஒருநாள் தெரியும். அன்றைக்கு ஜிம்மில் எவனாவது தோளில் கை போட்டு, "இதெல்லாம் வேலைக்கு ஆகாது, நான் ஒண்ணு தர்றேன்" என்பான். அது ஊசியாக இருக்கும். வளர்கிற வயதில் அது எலும்பின் வளர்ச்சி முனைகளைச் சீக்கிரம் மூடிவிடும், சொந்தச் சுரப்பையும் நிறுத்திவிடும். அந்தக் கை தோளில் விழும்போது, வீட்டில் போய்க் கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்ற வேண்டும்.

கே: செட்டுக்கு நடுவே கலர் கலராக பி.சி.ஏ.ஏ. குடிக்கிறார்களே, நானும் குடிக்கலாமா? (வயது 20)

ப: தாகத்துக்குக் குடிக்கலாம். புரதம் அமினோ அமிலம் என்ற துண்டுகளால் ஆனது. தசை கட்ட உடம்புக்கு வெளியிலிருந்து வந்தாக வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. அந்தக் கலர் தண்ணீரில் இருப்பவை மூன்று. கொத்தனார் மூன்று பேர் வந்துவிட்டார்கள், செங்கல் வரவில்லை. போதுமான புரதம் சாப்பிடுகிறவர் உடம்பில் அந்த மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. குளூட்டமின் என்று விற்கிற இன்னொரு அமினோ அமிலத்துக்கும் இதே பதில். தனிக் கேள்வியாக யாரும் அனுப்ப வேண்டாம்.

கே: பயிற்சிக்கு முன்னால் குடிக்கிற ப்ரீ-ஒர்க்அவுட் பவுடரைக் குடித்த பத்து நிமிடத்தில் முகம், காது, கையெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமா? நண்பர்கள் தண்ணீர் கலக்காமல் அப்படியே வாயில் கொட்டுகிறார்கள். (வயது 23)

ப: தம்பி, எறும்பு வேறு, வேலை வேறு. எறும்புக்குப் பெயர் பீட்டா-அலனைன். தோலுக்கு அடியிலுள்ள நரம்பு முனைகளை அது சீண்டுகிறது, அதுதான் ஊறல். ஆபத்தில்லை. அதனால் ஏதாவது பலன் உண்டென்றால், தினமும் பல வாரம் சாப்பிட்டுத் தசைக்குள் கார்னோசின் என்ற பொருள் சேர்ந்த பிறகுதான். அதுவும் ஒன்றிலிருந்து நான்கு நிமிடம் மூச்சுமுட்டச் செய்கிற வேலைக்குத்தான் கொஞ்சம் உதவும். இன்றைக்கு ஊறியதற்கும் இன்றைக்குத் தூக்கியதற்கும் சம்பந்தமில்லை. பிறகு ஏன் போடுகிறார்கள்? குடித்தவனுக்கு ஏதாவது 'தெரிய' வேண்டுமே!

படபடப்பு காஃபீன். அது வேலை செய்கிற பொருள், மறுக்கவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவிலிருந்தே பயிற்சிக்கு உதவுகிறது. 70 கிலோ ஆளுக்கு 210. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே மடக்கில் 200, ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பயமில்லை என்கிறது. உன் டப்பாவில் ஒரு ஸ்கூப்புக்கு எவ்வளவு? 'எக்ஸ்ப்ளோசிவ் மேட்ரிக்ஸ்' என்று பேர் வைத்து, ஏழெட்டுப் பொருளை வரிசையாக எழுதி, மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் எது எவ்வளவு என்று உனக்கும் தெரியாது, உனக்கு விற்றவனுக்கும் தெரியாது. அந்த டப்பாவை நான் தொடமாட்டேன்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், டி.எம்.ஏ.ஏ. கதை. 1940-களில் மூக்கடைப்புக்கு மருந்தாக வந்து பிறகு வழக்கொழிந்த பொருள். 2000-களில் யாரோ அதைத் தூசி தட்டி எடுத்து ப்ரீ-ஒர்க்அவுட்டில் போட்டார்கள். 'செம கிக்' என்று எங்கள் ஜிம்மிலேயே பேச்சு. 2012 லண்டன் மராத்தானில் ஓடிய 30 வயதுப் பெண் ஒருவர் கடைசி மைலில் விழுந்து இறந்தார். அவருடைய தண்ணீர் பாட்டிலில் இந்தப் பவுடர் ஒரு ஸ்கூப் கலந்திருந்தது. அது மரணத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணையில் முடிவானது. மூக்கடைப்பு மருந்தை 'வெறித்தனமான எனர்ஜி' என்று விற்ற கதை அப்படி முடிந்தது.

தண்ணீர் கலக்காமல் வாயில் கொட்டுகிற உன் நண்பர்களுக்கு: தூள் மூச்சுக்குழாயில் போனால் புரையேறும், காஃபீன் மொத்தமாக ஒரே அடியில் இறங்கும். வீரம் காட்ட வேறு இடம் பாருங்கள். ஸ்குவாட் போடும்போது முழுசாக உட்கார்ந்து எழுந்தாலே போதும்.

கே: கிரியேட்டின் எடுக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் கூட என்று வந்தது. 'கிட்னி போச்சு' என்று வீட்டில் அழுகை. (வயது 29)

ப: முதலில் டாக்டரிடம் கிரியேட்டின் எடுப்பதைச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் தப்பு உங்களுடையது. கிரியேட்டின் தசைக்குச் சக்தி தருகிற பொருள். அது உடம்பில் சிதைந்தால் வருகிற, சிறுநீரகம் வடிகட்டுகிற கழிவுதான் கிரியேட்டினின். எரிபொருளை அதிகம் போட்டால் சாம்பல் கொஞ்சம் அதிகம் விழும். அடுப்பு பழுது என்று அர்த்தமில்லை. தசை அதிகமுள்ளவர்களுக்கு இயல்பாகவே அந்த எண் சற்று உயர்ந்திருக்கும். சில வாரம் நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்க்கலாம், அல்லது 'சிஸ்டாட்டின் சி' என்ற வேறு பரிசோதனை இருக்கிறது. டாக்டர் முடிவு செய்யட்டும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மற்றபடி, இத்தனை டப்பாவில் நான் வக்காலத்து வாங்குகிற ஒன்று இதுதான். 1832-ல் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். 160 வருஷம் யாரும் விளம்பரம் செய்யவில்லை. 1992-ல் ராஜர் ஹாரிஸும் கூட இருந்தவர்களும், வாயால் சாப்பிட்டால் தசைக்குள் அதன் இருப்பு கூடுகிறது என்று காட்டினார்கள். அதே வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிரிட்டிஷ் ஓட்டக்காரர்கள் எடுத்ததாகச் செய்தி வந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. தினம் 3 முதல் 5 கிராம். முதல் வாரங்களில் ஒன்றிரண்டு கிலோ கூடும்; அது தண்ணீர், தசை என்று துள்ள வேண்டாம். பலன் என்னவென்றால், எட்டோடு நிற்கிற ரெப், அதாவது தொடர்ந்து தூக்குகிற தடவை, ஒன்பதாகலாம். அவ்வளவுதான். அந்த ஒன்பதாவது ரெப்பை மாதக்கணக்கில் நீங்கள் தூக்கினால் தசை வரும்.

இவ்வளவு அடக்கமான பலனை விற்பது கஷ்டம். அதனால் 'எத்தில் எஸ்டர்', 'பஃபர்' என்று வாலொட்டிப் புதுப்புது டப்பா இறக்கினார்கள். சோதித்துப் பார்த்ததில் 'மோனோஹைட்ரேட்' என்ற பழைய சாதாரணக் கிரியேட்டினை ஒன்றும் ஜெயிக்கவில்லை. எத்தில் எஸ்டர், நீங்கள் பயந்த அந்தக் கிரியேட்டினினைத்தான் ஏற்றியது.

கே: பெண்களுக்கென்று இளஞ்சிவப்பு டப்பாவில் வருகிற புரோட்டீன் வேறா? (வாசகி)

ப: அதே வே புரோட்டீன்தான், பால் தெளிநீரிலிருந்து எடுக்கிற புரதம், சகோதரி. ஸ்கூப் சின்னது. பசு ஆணுக்கொரு பால், பெண்ணுக்கொரு பால் என்று கறப்பதில்லை.

கே: லேபிளில் 25 கிராம் புரதம் என்று போட்டிருந்தால் நம்பலாமா? பரிசோதனைச் சான்றிதழும் காட்டுகிறார்கள். (வயது 31)

ப: வழக்கமான பரிசோதனை புரதத்தை அளப்பதில்லை. 1883-ல் கெல்டால் கண்டுபிடித்த முறைப்படி நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கி, 'இவ்வளவு புரதம்' என்று எழுதுகிறார்கள். இங்கேதான் ஓட்டை. கிளைசின் என்ற மலிவான ஒற்றை அமினோ அமிலத்தை 10 கிராம் கலந்தால் தாளில் 11.7 கிராம் புரதமாகத் தெரியும். போட்டதைவிட அதிகம்! டாரின், கிரியேட்டின் எல்லாம் இப்படி உள்ளே போகும். தொழிலில் இதற்கு 'அமினோ ஸ்பைக்கிங்' என்று பேர். 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்து குழந்தைகளைக் கொன்றார்களே, அதுவும் இதே நைட்ரஜன் கணக்கை ஏமாற்றத்தான்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று: லேபிளில் லூசின் என்ற அமினோ அமிலத்தின் அளவைப் பாருங்கள். நல்ல வே புரதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லூசின். 25 கிராமுக்கு இரண்டரை கிராமாவது இருக்க வேண்டும். பொருள் பட்டியலில் கிளைசின், டாரின், அல்லது தனியாகச் சேர்த்த லூசின் என்று தலைகாட்டினால் கீழே வையுங்கள்.

எவ்வளவு புரதம் வேண்டும் என்று இன்னும் ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். எடை தூக்குகிறவருக்கு உடல் எடை கிலோவுக்கு 1.6 கிராம் ஒரு நாளைக்கு. 2018-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் அதற்கு மேல் போனால் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. சாப்பாட்டிலேயே அது வந்துவிட்டால் டப்பா எதற்கு? வராவிட்டால் டப்பா ஒரு வசதி. பால் திரித்துச் சீஸ் எடுத்த பிறகு மிஞ்சுகிற தெளிநீரைக் காயவைத்த தூள் அது. நல்ல உணவுதான். அதற்குச் சிங்கமும் மின்னலும் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியாதது.

கே: போட்டிகளில் ஓடுகிறேன். ஊக்கமருந்துச் சோதனை உண்டு. 'நேச்சுரல்' என்று எழுதியதை மட்டும் வாங்கினால் போதுமா? (வயது 19)

ப: போதாது. 2004-ல் வெளியான பெரிய சோதனை ஒன்றில் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 94-ல், லேபிளில் சொல்லாத ஹார்மோன் சமாச்சாரம் இருந்தது. ஏழில் ஒன்று. மாட்டினால் 'எனக்குத் தெரியாது' என்பது செல்லாது. உடம்பில் இருந்தால் உன் பொறுப்பு. சுயேச்சையான ஆய்வகம் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் சோதித்து முத்திரை போட்ட சரக்கு உண்டு, அதுவும் உன் பயிற்சியாளர் பார்த்துச் சொன்ன பிறகு. உன் வயதில் நானாக இருந்தால் ஒன்றையும் தொடாமல் ஓடுவேன்.

கே: ஊருக்கு உபதேசம் செய்யும் நீங்கள் ஊசி போட்டுத்தானே மேடை ஏறினீர்கள்? சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் கதையாக இப்போது எங்கள் வயிற்றில் அடிக்கிறீர்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் பவுடரால் 10 வாரத்தில் 6 கிலோ தசை ஏற்றினார். கண்ணால் கண்டேன். (சப்ளிமென்ட் விற்பவர்)

ப: முதல் கேள்விக்கு: ஆமாம். போட்டேன், மூன்று வருஷம். அந்த டப்பாவை இடது மார்புக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார் என்றேனே, காரணம் அதுதான். ஊசியில் போகிற ஹார்மோனில் ஒரு பகுதி உடம்பில் பெண் ஹார்மோனாக மாறும். மார்புக் காம்புக்கு அடியில் சுரப்பித் திசு வீங்கும். எனக்கு இடது பக்கம் ஒரு பாக்குக் கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது, சட்டை உரசினால் வலிக்கும். படம் எடுத்தவருக்கு அது பழக்கமான விஷயம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டப்பாவை மேலே தூக்கச் சொன்னார். நான் எதைப் போட்டேன் என்பதற்கு உடம்பிலிருந்த ஒரே சாட்சியை, நான் அதுவரை குடிக்காத பவுடரின் டப்பா மறைத்தது. பிறகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். ஊசியை நிறுத்திய பின் ஒரு வருஷம் சொந்தச் சுரப்பு திரும்பாமல் படுக்கையைவிட்டு எழ மனமில்லாமல் கிடந்தது தனிக் கதை. வீட்டுக்காரி இதைப் படிப்பாள், அதனால் அளவோடு நிறுத்துகிறேன்.

இரண்டாவது, அந்த 6 கிலோ. அந்த எண் எனக்கு நன்றாகப் பழக்கம். 1996-ல் ஷாலேந்தர் பாசின் என்ற மருத்துவரும் குழுவினரும் ஆண்களை நான்கு பிரிவாகப் பிரித்துப் பத்து வாரம் சோதித்தார்கள். மருந்தில்லாத ஊசியும் பயிற்சியும் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை 1.9 கிலோ கூடியது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டு, பயிற்சியே செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு 3.2 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. பத்து வாரம், ஆறு கிலோ. உங்கள் வாடிக்கையாளர் உங்களிடம் பவுடர் வாங்கியது உண்மையாக இருக்கும். வேறு எங்கே என்ன வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறீர்கள். இந்தத் தொழிலின் மூலவரே அப்படித்தான் ஆரம்பித்தார். 1950-களில் அமெரிக்காவின் யார்க் என்ற ஊரில் பாப் ஹாஃப்மன் பளு சாதனங்கள் விற்றார், பத்திரிகை நடத்தினார், புரதப் பவுடரும் விற்றார். ஜான் சீக்லர் என்ற டாக்டர் அங்கிருந்த வீரர்களுக்கு 1958-ல் சந்தைக்கு வந்த டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்தார். அவர்கள் தூக்கிய எடை மடமடவென்று ஏறியது. பத்திரிகையோ, அசையாத கம்பியைத் தள்ளுகிற 'ஐசோமெட்ரிக்' பயிற்சியால் வந்த பலம் என்று எழுதியது. வாசகர்கள் கம்பிச் சட்டம் வாங்கினார்கள், பவுடர் வாங்கினார்கள். மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை. பின்னாளில் சீக்லரே அந்த வேலைக்காக வருந்தினார். அன்றைக்கு அந்தச் சட்டத்தை வாங்கித் தள்ளிய பையனை நினைத்துப் பார்க்கிறேன். 'எல்லாருக்கும் வருகிறது, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை' என்று தன்னைத்தானே நொந்திருப்பான்.

2022 டிசம்பரில் 'லிவர் கிங்' விஷயத்திலும் இதுவேதான் நடந்தது. ஆதிமனிதன் போலப் பச்சை ஈரல் தின்றால் இந்த உடம்பு வரும் என்று சொல்லி, ஈரல் மாத்திரை விற்றவர். அவர் போடுகிற மருந்துகள் பற்றிய மின்னஞ்சல்கள் வெளியான பிறகு, ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டு ஒரு வீடியோ போட்டார். அதிலும் சட்டை போடவில்லை.

நீங்கள் கண்ணால் கண்டது பற்றி இன்னொன்று. 1972-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எடை தூக்குகிற ஆறு இளைஞர்களுக்கு 'டயனபால்' என்று சொல்லி ஒன்றுமில்லாத மாத்திரையைக் கொடுத்தார்கள். மாத்திரை இல்லாத வாரங்களைவிட வேகமாகப் பலம் ஏறியது. நம்பிக்கையே தூக்கியது. உங்கள் கடையில் அது நிறைய விற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கே: மூன்று வருஷமாக ஒழுங்காக ஜிம் போகிறேன். ஊசி இல்லை, பவுடரும் அதிகமில்லை. நண்பர்கள் 'என்னடா, ஜிம் போற மாதிரியே இல்லையே' என்கிறார்கள். (வயது 24)

ப: சட்டை போட்டிருக்கும்போது தெரியாது. எனக்கு முதல் வருஷம் ஐந்து கிலோ வந்தது, மூன்றாவது வருஷம் ஒன்றரை. பயிற்சி நோட்டு வைத்திருக்கிறாயா? மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டு. அன்றைக்கு எதை ஐந்து தடவை தூக்கினாய், இன்றைக்கு அதை எத்தனை தடவை? நோட்டு இல்லையென்றால் இன்று சாயங்காலம் ஆரம்பி. நண்பர்களை அடுத்த தடவை வீடு மாற்றும்போது கூப்பிடு, யார் பீரோவின் எந்தப் பக்கம் பிடிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

கே: அந்தக் காலி டப்பா இன்னும் இருக்கிறதா மாஸ்டர்? (ஒரு வாசகர்)

ப: இருக்கிறது. நல்ல கெட்டியான பிளாஸ்டிக், கம்பெனியைவிட உழைக்கிறது. மாடியில் கொடிக்குப் பக்கத்தில், துணிக் கிளிப் போட்டு வைத்திருக்கிறாள் மனைவி. உள்ளே ஸ்கூப்பும் கிடக்கிறது. வெயிலில் லேபிள் வெளுத்து, என் முகமும் மார்பும் அம்புக்குறியும் போய்விட்டன. அடியில் பொடி எழுத்தில் 'பலன்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும்' என்று இருந்தது. அது கறுப்பு மை. இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது.